போட்டோக்காரன் நின்ற இடம்

ஃபிஜித் தீவில் சிகடோகா ஆற்றங்கரையில் கத்தரிக்காய் போடும் நாகையா பள்ளிக்கூடத்துக்குச் சண்டை பிடிக்கப் போனது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். மகள் கரிஷ்மாவைச் சேர்க்கப் போனதோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அன்றைக்கு மட்டும் வயலில் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு கேரியரில் ஏறிக் கிளம்பிவிட்டார். கேரியர் என்றால் அவருடைய சின்ன லாரி. அதையும் விற்கப் பேசியாயிற்று. பக்கத்து வயல் சதேந்திரா ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

இத்தனைக்கும் காரணம் கனடா.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரையும் உள்ளே இருந்த மற்றவர்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பள்ளத்தாக்கில் ஒரே பேச்சு, யார் போகிறார்கள், எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்பதுதான். வெள்ளைக்காரர்கள் வருவது நின்று கடற்கரை ஹோட்டல்கள் ஈயாடின. ஹோட்டல் வாங்காத கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகிப் போனது. நிலத்தின் குத்தகை முடியப்போகிறது, புதுப்பிப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நங்கோனாக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தால் ஆளுக்கொரு செய்தி. மயக்கம் தரும் வேரை இடித்துக் கரைத்த அந்த மண்ணிறத் தண்ணீர் ஒரு சுற்று வருவதற்குள் தவுவாவில் ஒரு வீடு எரிந்திருக்கும், இரண்டாவது சுற்றில் அது ஒரு தெருவாகியிருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் கூடக் குடிக்க வரும் ஊர்க்காரன் நரேந்திரா அந்தத் துண்டறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தான். கனடாவுக்கு விவசாயக் குடும்பங்கள் தேவை, குடும்பத்தோடு போகலாம், வேலையும் வீடும் தயார். மேலே வண்ணப் படம். வெள்ளைத் தூண்கள், அகலமான படிகள், படியில் கோட்டு போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். 'எங்கள் விவசாயக் கல்லூரி, வான்கூவர்' என்று கீழே போட்டிருந்தது. சனிக்கிழமை டவுன் ஹாலுக்குப் பாஸ்போர்ட்டையும் முன்பணத்தையும் கொண்டுவர வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜெண்டின் முத்திரை குத்திய அந்தத் துண்டறிக்கைதான் உள்ளே விடும் சீட்டு.

நாகையா அந்தப் படத்தைப் பார்த்த பார்வையை அவர் மனைவி சரோஜ் கிண்டல் செய்தே மாளவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என் போட்டோவைக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்றாள். அவர் பொருட்படுத்தவில்லை. அந்தத் தூண்களுக்குக் கீழே தன் மகள் புத்தகத்தோடு நடந்து போவதை அவர் கண்ணாரக் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மனிதனை எதுவும் நிறுத்தாது.

நிறுத்தியது அந்த மகளேதான்.

"என் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டேன் அப்பா," என்றாள், பாதித் தமிழும் மீதி ஹிந்தியுமாக. "மூணு கேள்விக்கு ஜவாப் சொல்லு. இதை யார் சொல்றான்? நாம நம்புனா அவனுக்கு என்ன கிடைக்கும்? போட்டோ எடுத்தவன் எங்க நின்னான்?"

"எவன் எங்க நின்னா உனக்கென்ன? யாரு சொல்லிக் கொடுத்தா இந்தப் பேச்சு?"

"எட்னா டீச்சர்."

மறுநாள் காலையில் பாஸ்போர்ட்டோடு துண்டறிக்கையும் அவள் பையில் ஏறிப் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

எட்னா டீச்சர் மெதடிஸ்ட் தமிழர். ஒல்லியாக, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். மே மாதத்துக்குப் பிறகு பள்ளியில் பாதி வாத்தியார்கள் வெளிநாடு போய்விட, மிச்சம் இருந்தவர்கள் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த நெருக்கடியிலும் வெள்ளிக்கிழமைக் கடைசி மணியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பேப்பரில் வந்தது, ரேடியோ சொன்னது, நங்கோனா சபையில் கேட்டது, எதை வேண்டுமானாலும் பிள்ளைகள் கொண்டுவரலாம். அந்த மூன்று கேள்விகளையும் அதனிடம் கேட்க வேண்டும். வகுப்பில் அரசியல் வேண்டாம் என்று தலைமையாசிரியர் பயந்தபோது, சரி, சோப்பு விளம்பரம் கொண்டுவருகிறேன் என்றாராம். அதற்கும் முன்னால், முதல் வாரம், அவர் போர்டில் ஒட்டியது தன் சொந்த சர்ச்சின் மாதப் பத்திரிகையை. படத்தில் சபை நிரம்பி வழிந்தது. போட்டோக்காரன் எங்கே நின்றான் என்று கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொன்னார்: மூன்றாவது வரிசைக்கு முன்னால் நின்றான், நான்காவதிலிருந்து பெஞ்சு காலி. பாதிரியார் ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அடுத்தவன் வீட்டுப் பொய்யைக் காட்ட யாராலும் முடியும். தன் வீட்டிலிருந்து தொடங்க நெஞ்சுரம் வேண்டும், அது எட்னா டீச்சருக்கு இருந்தது.

நாகையா வகுப்பு வாசலில் போய் நின்றபோது தொண்டை வரைக்கும் வார்த்தை வைத்திருந்தார்.

"வாங்கண்ணே," என்றார் டீச்சர். "கரிஷ்மா சொன்னா, உங்க பேப்பராம். உங்களைக் கேக்காம எடுத்தது தப்பு, அவளைச் சொல்லியிருக்கேன். நீங்க சரின்னா பிள்ளைங்க பார்க்கட்டும். இல்லேன்னா இப்பவே வாங்கிட்டுப் போயிடுங்க."

சண்டைக்கு வந்தவனிடம் அனுமதி கேட்டால் அவன் என்ன செய்வான்? ஒரு வகுப்பே அவர் முகத்தைப் பார்த்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பார்க்கட்டும்மா, பார்த்தா என்ன தேஞ்சா போயிடும்," என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

பாடம் இங்கிலீஷிலும் ஹிந்தியிலுமாக நடந்தது. படத்தில் இருப்பவன் கோட்டு போட்டிருக்கிறான், அதனால் குளிர் தேசம்தான் என்றான் ரவீனேஷ் என்கிற பையன். இதோ இந்தச் செடி நம் ஊர் வேலியில் இருக்கிற குரோட்டன்ஸ், ஆகையால் இது கனடா இல்லை, பொய் என்று துள்ளினாள் அலிசியா. வகுப்பு கொக்கரித்தது. நாகையாவுக்கு ரத்தம் கொதித்தது. இதற்குத்தானே இந்த அம்மாள் காத்திருந்தாள் என்று நினைத்தார்.

ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. குளிர் தேசத்திலும் குரோட்டன்ஸைத் தொட்டியில் வைத்து வளர்ப்பார்கள், வெயில் காலத்தில் வெளியே எடுத்து வைப்பார்கள் என்றார். உண்மை என்று சொல்ல எவ்வளவு சாட்சி வேண்டுமோ, பொய் என்று சொல்லவும் அவ்வளவு வேண்டும். ஒரு குடும்பம் இதை நம்பிக் கிளம்பப் பார்க்கிறது, நாம் விளையாட்டாகப் பேசக்கூடாது என்றார். அலிசியா உட்கார்ந்துவிட்டாள். நாகையாவுக்குத் தொண்டையில் வைத்திருந்த வார்த்தையில் பாதி மறந்து போனது.

"நடுவுல இருக்கறதை அவன் காட்டணும்னு வச்சிருக்கான்," என்று டீச்சர் இப்போது தமிழில் அவரைப் பார்த்தே சொன்னார். "ஓரத்துல இருக்கறது தானா வந்து விழுந்தது. அதனால ஓரத்தைப் பாருங்க. அண்ணே, நீங்களும் வாங்களேன், உங்க கண்ணுக்கு என்ன படுதுன்னு பார்ப்போம்."

நாகையா எழுந்து போனார். தூண்களை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும், சிரிக்கிறவனின் பல்லைக்கூடத் தெரியும். ஓரத்தை அவர் பார்த்ததே இல்லை. இடது ஓரம், புல். வலது ஓரம், அந்தச் செடி. மேல் ஓரம், கூரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு புகைக்குழாய். அதன் தகரத் தொப்பி ஒரு பக்கம் நசுங்கி, தடித்த கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது.

அந்தக் கம்பியைக் கட்டியது அவர்தான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷப் புயலுக்கு அடுத்த வாரம், காய் இறக்கப் போன இடத்தில் சமையல்காரன் கெஞ்சினான் என்று ஏணி போட்டு ஏறி, வேலிக்கம்பியால் கட்டிவிட்டு இறங்கினார். கடற்கரைச் சாலையில் இருக்கும் ஹோட்டல் அது. மே மாதம் வரைக்கும் வாரா வாரம் அங்கே கத்தரிக்காய் கொண்டுபோனவர் அவர். எப்போதும் பின்வாசல் வழியாக. குப்பைத் தொட்டி, சமையலறைக் கதவு, தலைக்கு மேலே அந்தப் புகைக்குழாய், அவருக்குத் தெரிந்த ஹோட்டல் அதுதான். அதற்கு வெள்ளைத் தூண் வைத்த ஒரு முகம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அவரைப்போலக் காயும் மீனும் கொண்டுபோகிற, துணி துவைக்கிற, பாத்திரம் தேய்க்கிற யாருக்கும் தெரியாது. பள்ளத்தாக்கே பின்வாசலில் நின்ற ஊர். ஏஜெண்ட் அதைத் தெரிந்து எடுத்தானோ, அவன் அதிர்ஷ்டமோ.

அவர் துண்டறிக்கையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ போக வேணாம்ங்கறீங்களா டீச்சரம்மா?"

"நான் எப்படிண்ணே அப்படிச் சொல்லுவேன். எனக்கே பேப்பர் வந்தாச்சு. ஜனவரியில ஆஸ்திரேலியா போறேன், பிரிஸ்பேன்ல ஒரு இஸ்கூல்ல வேலை."

நாகையா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போறதும் இருக்கறதும் அவங்கவங்க பாடு," என்றார் டீச்சர். "அந்த இஸ்கூலுக்கு நானே போன் பண்ணினேன். எடுத்த ஆள்கிட்ட ஜன்னல் வழியா என்ன தெரியுதுன்னுகூடக் கேட்டேன். பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாகையாவுக்கு மனசு ஆறவில்லை. ஏமாந்த வெட்கம் ஒரு பக்கம். அந்தத் தூண்களுக்கு அடியில் நடந்த மகளை இழந்த துக்கம் இன்னொரு பக்கம், அது நிஜமான துக்கம், யாரும் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே டீச்சரின் மேல் ஒரு மரியாதை முளைத்து, காணக்காண வளர்ந்தது. சொல்லித் தராமல் பார்க்க வைத்துவிட்டாளே என்று மாய்ந்து போனார்.

சனிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. டை கட்டிய ஏஜெண்ட் மேஜையில் ஒரு பெட்டியை வைத்திருந்தான், அதில் பாஸ்போர்ட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. நரேந்திரா முதல் ஆளாகத் தன்னுடையதைப் போட்டுவிட்டு, மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். நாகையா சரோஜோடும் கரிஷ்மாவோடும் உள்ளே வந்து, துண்டறிக்கையைக் காட்டி, மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, இந்த போட்டோ எடுத்தது யாருங்க?"

"நானேதான். போன வருஷம் வான்கூவர் போனப்போ எடுத்தேன்."

"எங்க நின்னு எடுத்தீங்க?"

ஏஜெண்டின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "எங்க நின்னா என்ன அண்ணே. காலேஜ் முன்னாலதான்."

"ஒண்ணுமில்லீங்க, எனக்கு அந்த எடம் தெரியும். என் கேரியர் வெளியில நிக்குது. ஏறுங்க, கனடா போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்."

யாரோ சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏஜெண்ட் கோபப்பட்டான், நேரமில்லை என்றான், நம்பாதவர்கள் போகலாம் என்றான். நாகையா ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "பொய்னு நான் சொல்லலை. வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார். மீன் விற்கிற இந்திராவதி எழுந்து போய்ப் பெட்டிக்குள் கையை விட்டுத் தன் பாஸ்போர்ட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரவர் பாஸ்போர்ட்டைத் திரும்ப எடுக்க மேஜையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு.

கேரியர் தாங்குகிற மட்டும் ஏறினார்கள், மிச்சப் பேர் பஸ் பிடித்தார்கள். வழி நெடுக நரேந்திரா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ஹோட்டல் முன்வாசலில் வண்டி நின்றதும், நாகையாவை நன்றாகத் தெரிந்த ஃபிஜியக் காவலாளி குழம்பிப் போனான். பின்வாசல் அந்தப் பக்கம் அல்லவா என்று ஹிந்தியில் கேட்டான்.

"இன்னைக்குக் காய் இல்ல. சும்மா பார்க்க வந்தோம்," என்றார் நாகையா, அவரும் ஹிந்தியில்.

ஆள் இல்லாத ஹோட்டல், யார் தடுக்கப் போகிறார்கள். துண்டறிக்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் பின்னோக்கி நடந்தார். தூண்கள் பெரிதாகத் தெரிந்தன, இன்னும் பின்னால் போனார். குரோட்டன்ஸ் வலது ஓரத்துக்கு வந்தது. புல் இடது ஓரத்துக்கு வந்தது. கடைசியில் ஒரு தென்னை மரத்தடியில் நின்றார். கூரைக்கு மேலே அவர் கட்டிய கம்பியோடு புகைக்குழாய் தலையை நீட்டியது. புகை இல்லை, சமைத்துப் போட விருந்தாளிகள் இல்லை.

"இங்கதான் நின்னான்," என்றார்.

கரிஷ்மா வந்து அப்பாவின் தோளோடு தோளாக நின்று பார்த்தாள். அவர் நகர்ந்து மற்றவர்களுக்கு இடம் விட்டார். இந்திராவதி நின்று பார்த்தாள், பிறகு சரோஜ், பிறகு பஸ்ஸில் வந்தவர்கள், காகிதத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல வரிசையாக. நரேந்திரா கடைசியாக வந்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அப்போ கனடா இல்லியாண்ணே?"

நாகையா அவன் முதுகில் கையை வைத்தார். திட்டத்தான் நினைத்தார், வரவில்லை.

"கனடா இருக்குப்பா," என்றார். "வேற எங்கயோ இருக்கு. போகணும்னா கேட்டுக்கிட்டுப் போவோம். திங்கக்கிழமை இஸ்கூலுக்கு வா, டீச்சரம்மா ஜனவரி வரைக்கும் இருப்பாங்க."

சதேந்திராவிடம் கேரியர் விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.