குள்ளம்மாள் காட்டின் மழையளவு

1966 ஆடியிலிருந்து கம்பைநல்லூருக்குக் கிழக்கே குள்ளம்மாளின் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டில் மட்டும் மழை பெய்யவில்லை. வரப்பு வரைக்கும் கொட்டும், வரப்பில் நின்றுவிடும். அவளுடைய தம்பி சென்னப்பன் அப்போது புவியியல் விரிவுரையாளன். தர்மபுரிப் பக்கத்து மழையைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது அக்காள் காட்டில் ஒரு மழைமானி நட்டிருந்தான். மூன்று வருடம் விடிந்ததும் அவள் அளந்து தபால் கார்டில் எழுதி அவனுக்குப் போட்டாள். அந்தக் கார்டுக் கட்டை அவன் ரயிலில் தொலைத்துவிட்டு, பேராசிரியருக்குப் பயந்து, அவள் காட்டுக்கு நேராக வரிசையாகச் சைபர் போட்டான். யாரும் கேட்கவில்லை. ஆய்வு புத்தகமாக அச்சான மாதத்திலிருந்து மழை அதன்படி நடந்துகொண்டது.

டெல்லியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். ஒரு தோள் நனைய ஒரு தோள் காய வரப்பில் நின்று, இத்தனை துல்லியமான ஆய்வை எங்கும் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சென்னப்பன் ரீடராகப் பதவி உயர்ந்தான். குள்ளம்மாளின் கேழ்வரகு முளைக்கவில்லை. புருஷன் கல் உடைக்கப் பெங்களூர் போனவன் திரும்பவில்லை.

1969இல் அவள் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மொரப்பூரில் ரயிலேறி, பல்கலைக்கழகத்தில் அவன் அறைக்கே வந்தாள்.

"நம்பர் படிக்க நீதான கத்துக்குடுத்த? என்னுது எல்லாம் சைபரா கெடக்குது. நான் எழுதிப் போட்டதெல்லாம் எங்கடா?"

"தொலஞ்சு போச்சுக்கா."

"சரி வுடு. எனக்கு மனசுல இருக்குது. சொல்லச் சொல்ல எழுது."

சொல்லத் தொடங்கினாள். அவன் பேனா மூடியைத் திறக்கவில்லை. பேராசிரியர் பதவிக்கு அடுத்த வாரம் நேர்காணல்.

"மாத்துனா பட்டமே போயிடும்க்கா. இந்த ஒரு வருசம் பொறுத்துக்கோ."

பொறுத்தாள். அவன் பேராசிரியரானான், துறைத் தலைவரானான், 1974இல் துணைவேந்தரானான். மறு வருடம் இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு மேசைக்கு வந்தது. இனி அவனைக் கேட்க ஆளில்லை. சைபர்களையே வெகுநேரம் பார்த்தான். 'திருத்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

1977 ஐப்பசியில் பத்து நாள் அடைமழை. ஐந்தாம் நாள் குள்ளம்மாள் செத்தாள். சுடுகாட்டில் முழங்கால் தண்ணீர் நின்றதால் அவளை அவள் காட்டுக்கே தூக்கிப் போனார்கள். துணைவேந்தர் வரப்பில் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து கொள்ளி வைத்தார். சுற்றிலும் மழை இரைய, தீ ஒரே குச்சியில் பற்றியது.

"இது நல்ல தோதான எடமுங்க," என்றார் ஊர்க்கவுண்டர் மாதப்பன். "மழைக்காலத்துல பொணத்த வெச்சுக்கிட்டு நாங்க படற பாடு இருக்குதே."

சென்னப்பன் தலையசைத்தார். செனட் கூட்டம் இருந்ததால் எரிந்து முடியும்வரை நிற்கவில்லை.

அடுத்த தையில் பஞ்சாயத்துத் தீர்மானம் போட்டுச் சுடுகாட்டை அங்கே மாற்றினார்கள். மழைக்காலத்தில் சுற்று ஊர்களிலிருந்தும் கொண்டுவருகிறார்கள். விறகு கொஞ்சந்தான் பிடிக்கிறது.