டாம்சினின் முகம்

டோட்னஸ் ஊரில் தையல்காரர் லஸ்கோம்பின் வீட்டுக்குள் அம்மை புகுந்தபோது அவர் மகன் ஜெத்ரோ கைக்குழந்தை. அது தாயைக் கொண்டுபோயிற்று. அக்கா டாம்சினை முகம் நிறையத் தழும்போடு விட்டுவைத்தது. அவள்தான் தம்பியை வளர்த்தாள். தைக்க வந்த துணியில் அவன் சுண்ணக்கட்டியால் வாடிக்கையாளர்களின் முகத்தை வரைந்துவிடுவான். அப்பா கண்ணில் படுமுன் அவள் தட்டி அழித்துவிடுவாள்.

"மூக்கு நல்லா வந்திருக்குடா" என்று சொல்லிவிட்டுத்தான் அழிப்பாள்.

அப்பாவிடம் மன்றாடி, ஓவியம் கற்க அவனை பாத் நகரத்துக்கு அனுப்பியவளும் அவள்தான்.

அங்கே அவனிடம் தன்னை வரையச் சொல்லி முதலில் வந்தவள் ஒரு பணக்கார விதவை. அவளுக்கும் அம்மைத் தழும்பு உண்டு. கண்ணில் கண்டதை அப்படியே வரைந்தான். அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏம்ப்பா, என் மேல உனக்கு என்ன கோபம்?"

படத்தை எடுக்காமலே போய்விட்டாள். அதன் பிறகு அவன் எந்த முகத்திலும் தழும்பு வைக்கவில்லை. அவன் தூரிகையில் எல்லாக் கன்னமும் பட்டுப்போல ஆயிற்று. சீமாட்டிகள் வண்டி வண்டியாக வந்தார்கள்.

பேர் வாங்கியபின் ஒரு கோடையில் ஊருக்கு வந்தான். அக்காவைச் சமையலறை ஜன்னலோரம் உட்கார வைத்து வரைந்தான். அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

"என்னை யாரும் இவ்ளோ நேரம் பாத்ததே இல்லடா" என்றாள்.

முடிந்ததும் படத்தைத் திருப்பிக் காட்டினான்.

"அழகாத்தான் இருக்கா. யாருடா இது?"

"நீதான்க்கா."

அவள் விரல் தானாகக் கன்னத்துக்குப் போனது.

"அப்ப இத்தனை நாளா நீ என்னத்தப் பாத்த?"

அவன் தூரிகைகளைக் கழுவினான். அவள் சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "அடுத்த தடவை வேற வரையுறேன்க்கா" என்று சொல்லிக் கிளம்பினான்.

அந்தக் குளிர்காலத்தில் மார்ச்சளி அவளைக் கொண்டுபோயிற்று. சேதி கேட்டு அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. படம் சுவரில் தொங்கியது.

"வர்றவங்க எல்லாம் எந்தச் சீமாட்டின்னு கேக்குறாங்க" என்றார் அப்பா.

படத்தை இறக்கி, வண்ணம் குழைத்து அதன் முன் உட்கார்ந்தான். உதட்டோரம் ஆழமாக ஒரு தழும்பு இருந்தது, இடமா, வலமா? நெற்றியில் இருந்ததா?

"அப்பா, அக்காவுக்கு உதட்டுக்கிட்ட தழும்பு எந்தப் பக்கம்?"

கிழவர் யோசித்தார். அவர் முகம் கோணியது.

"அவ எப்பவும் குனிஞ்சு தைச்சுக்கிட்டே இருப்பாடா. நான் எங்க பாத்தேன்."

ஜெத்ரோ இடப்பக்கம் ஒரு புள்ளி வைத்தான். பார்த்தான். துணியால் துடைத்தான். வலப்பக்கம் வைத்தான், அதையும் துடைத்தான். துடைத்த இடத்தில் கன்னம் முன்னைவிட வழவழப்பாயிற்று.