சோபியா கோட்டு

செத்துக் கிடந்த அண்ணனின் கால்மாட்டில் நின்று சின்னுசாமி அந்தக் கோட்டை உதறினான். பாச்சை உருண்டைகள் இரண்டு தெறித்து ஓடின. சித்திரை வெயிலில் திருச்செங்கோடே வெந்துகொண்டிருந்தது. முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கண்டதும் வள்ளியாத்தாளுக்குப் புருஷனுக்காக வந்த அழுகையும் நின்றுபோயிற்று.

"அதை எதுக்குச் சாமி எடுத்தே?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"குளிப்பாட்டி இதைப் போட்டு அனுப்பலாமுங்க நங்கையா. சீமைக்குப் போனவரு நம்ம பக்கத்துல வேற ஆருங்க?"

சீமை! அவள் புருஷன் நாச்சிமுத்து, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு டயர் விற்றதற்காகக் கம்பெனிக்காரன் எண்பத்து மூன்றில் ஒரு வாரம் அனுப்பிவைத்த ஊர், சோபியா. பல்கேரியாவுக்குத் தலைநகராம். லண்டனுக்கு அனுப்பினால் கம்பெனி முழுகிவிடும் போலும். அதுவும் தை மாதம். அங்கே நாய்கூட வெளியே வராத, ஓட்டல் சும்மா கிடக்கிற காலம். புருஷன் பெண்டாட்டிக்கென்றுதான் டிக்கெட் கொடுத்தார்கள். "உனக்குக் குளிரு ஆகாது" என்று தம்பி சின்னுசாமியைக் கூட்டிப்போனார் மனுஷன். திரும்பி வந்து டயர் வாங்க வந்தவனையும் விடவில்லை, பால்காரனையும் விடவில்லை. பனியில் நடந்தாராம். தங்கக் கோபுரம் வைத்த மாதா கோயிலைச் சுற்றினாராம். டிராமில் ஏறினாராம். கல்யாண வீடுகளில் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்வை ஒழுக முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பூம்பூம் மாடாவது அரிசி கிடைக்குமென்று போர்வை போட்டுக்கொள்ளும்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த அவள் தம்பி மணியன், பிறந்த வீட்டுக் கோடி வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நாச்சிமுத்து உயிரோடு இருந்தவரை அவனை உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுக்காத வீடு இது.

"கோட்டு மேல எங்கூட்டுக் கோடி உழுவாதுங்க்கா. நா எடுத்துட்டே போயர்றேன்."

"இரு மணியா. செத்த பொறகும் வேசமான்னு கேக்கறேன்."

உறவுக்காரர்கள் நாச்சிமுத்துவின் தலையில் எண்ணெயும் தலை தேய்க்கும் அரப்புத் தூளும் வைக்க ஆரம்பித்தார்கள். வள்ளியாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டதும் சின்னுசாமி ஓவென்று அழுதான்.

"இந்த எண்ணெதானுங்க நங்கையா! அங்க போயும் சனிக்கெழம தப்பக்கூடாதுன்னு எண்ணெ வெச்சுத் தலைக்கு வாத்துக்கிட்டாரு. ஈரத்தலையோட தெருவுல கால வெச்சாரு. அன்னைக்குப் புடிச்ச காச்சலுங்க. ஊருக்குக் கெளம்பற வரைக்கும் இந்தக் கோட்டுக்குள்ளயே சுருண்டு கெடந்தாரு."

"அப்ப மாதா கோயிலு?"

"ஓட்டல் செவுத்துல படம் மாட்டியிருந்தாங்க."

"டிராமு?"

"சன்னலுக்குக் கீழ சத்தம் கேக்குமுங்க."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"தூ! இதுக்கா இத்தனை பவுசு? அந்த ஊர்ல ஒரு துண்டு இல்லயா?" என்றாள் வள்ளியாத்தாள்.

"துண்டு இருந்துதுங்க." சின்னுசாமி மூக்கைச் சிந்தினான். "அவருக்குத் தானாத் தொவட்டத் தெரியாதுங்களே."

வள்ளியாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அரப்பைத் தேய்த்தாள். ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உடம்பைத் துடைத்து வேட்டி கட்டிக் கிடத்தினார்கள்.

"கோட்டைக் குடு சாமி."

சின்னுசாமியின் முகம் மலர்ந்தது. மணியன் செருப்பைத் தேடப் போனான்.

அவள் தரையில் உட்கார்ந்து அந்தத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கோட்டைச் சுருட்டித் தலையைத் துவட்டினாள். உச்சி, பிடரி, காதுக்குழி என்று, சனிக்கிழமை தோறும் செய்கிற மாதிரியே, அவசரமில்லாமல் துவட்டினாள்.

"ஐயோ, நனைஞ்சு போச்சுங்களே!" என்றான் சின்னுசாமி.

"நனையட்டும்."

எண்ணெயும் அரப்புமாக ஊறிப்போன கோட்டைக் கொடிக்கயிற்றில் வீசினாள். "மணியா, எங்கடா போறே? கோடியக் கொண்டா."

மணியன் வேட்டியை நெஞ்சு வரை போர்த்தினான். பாடைக்குத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள்.

"இருங்க" என்றாள் வள்ளியாத்தாள். காது மடலுக்குப் பின்னால் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தாள்.