அத்தான் கொடுத்த தேனடைகள்

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளின் மூக்கு பொய் சொல்லாது. நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அழுகல் எது, அழுக்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த மூக்கை அன்று காலை அத்தான் ஒரே பேச்சில் அடக்கிவிட்டார்.

“அது மகரந்த வாசனைம்மா. புதுசா பூச்சி வளர்க்கறவங்களுக்குப் பிடிபடாது.”

அத்தான் என் அக்காவின் கணவர். பொழுதுபோக்குக்குத் தேனீ வளர்ப்பவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மேடை ஏறினால் இறங்க மாட்டார். ஒரு வருடமாக அவர் வகுப்புகளில் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முதன்முதலாக இரண்டு கூட்டம் தேனீக்கள் வாங்கியிருந்தேன். வலை அடித்த இரண்டு பெட்டிகளில் முந்தின நாள் மாலை வந்து சேர்ந்தன. பயணக் களைப்பு தீரட்டும் என்று அவர் சொன்னபடியே சர்க்கரைப் பாகு வைத்தேன். “நான் கொடுத்த தேன்லயும் நாலு கரண்டி கலந்துடு, தெம்பா இருக்கும்” என்று போனில் சொன்னார். அதையும் செய்தேன். இரண்டு கூட்டமும் இரவோடு இரவாகக் குடித்துத் தீர்த்துவிட்டன.

காலையில் அக்காவும் அத்தானும் வந்தார்கள். முகவலை, வெள்ளை அங்கி, முழங்கை வரை கையுறை என்று மாப்பிள்ளைக் கோலத்தில் அத்தான் இறங்கினார். கையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை. அதற்குள் மரச்சட்டங்களில் கட்டி முடித்த பழைய அடைகள்.

“வெறுஞ்சட்டத்துல அடை கட்டவே அதுங்களுக்கு மாசக்கணக்காகும். இது கட்டின வீட்ல பால் காய்ச்சற மாதிரி. என்னோட அன்பளிப்பு.”

பையைப் பிரித்ததும்தான் அந்த நாற்றம் வந்தது. சூடு பட்ட பசையும் கெட்ட மீனும் கலந்த மாதிரி. கேட்டேன். மகரந்தம் என்றார். தலைவர் சொல்லிவிட்டாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் வாங்கி வைத்திருந்த மரப்பெட்டிகளில் முதலாவதில் பழைய அடைகளை வைத்து, வலைப்பெட்டியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, தேனீக்களைத் தானியம் கொட்டுவதுபோல் உள்ளே கொட்டினோம். ராணி இருந்த சின்னக் கூண்டை இரண்டு அடைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன்.

வெயில் ஏறியது, நாற்றமும் ஏறியது. இரண்டாவது பெட்டிக்காக எடுத்த அடையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். புழு வளரும் அறைகளின் மூடிகள் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தன. பல மூடிகள் உள்வாங்கி, நடுவில் ஊசித்துளையோடு இருந்தன. புகை போட வைத்திருந்த தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஓர் அறைக்குள் விட்டு மெல்ல இழுத்தேன். காப்பி நிறத்தில் சளி மாதிரி ஒரு நூல் விரல் நீளத்துக்கு வந்தது. தேனீக் குஞ்சுகளை அறைக்குள்ளேயே அழுகவைக்கும் புழு அழுகல் நோய். இந்தத் தீக்குச்சிச் சோதனையை எனக்குப் படம் போட்டுக் காட்டியதே அத்தான்தான். நோய் தொட்டால் கூட்டோடு எரிப்பதைத் தவிர வழியில்லை, தேனில்கூட அது வருடக்கணக்கில் செத்துப்போகாது என்று மேடையில் வாய் கிழியப் பேசியவரும் அவர்தான்.

தீக்குச்சியை அவர் முன் நீட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை.

டீயோடு வந்த அக்கா அடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “இதையா கொண்டாந்தீங்க? செத்த கூட்டையெல்லாம் எரிச்சாச்சுன்னு சொன்னீங்களே!”

“மெதுவாப் பேசு. பக்கத்து வீட்ல நம்ம சங்கத்து ஆள் இருக்கான்” என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “எரிச்சா புகை தெரியும், தலைவர் வீட்டுக் கூட்டுக்கே நோயான்னு நாலு பேர் கேட்பாங்க. உனக்கு முதல் வருஷம்தானேம்மா. செத்தாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

நாக்கூசாமல் சொன்னார். தன் வீட்டு அழுகலை அன்பளிப்பு என்று என் தலையில் கட்டிவிட்டு, செத்தால் அதற்குக் காரணம் என் அனுபவமின்மை என்று முன்கூட்டியே முடிவும் செய்திருக்கிறார். காலையில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாக வரவேற்றதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

சண்டைக்கு நேரமில்லை; அடையில் வாய் வைப்பதற்குள் பிரித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். கொட்டிய தேனீக்களை அடைகளிலிருந்து உதறி வலைப்பெட்டிக்கே திருப்பினேன். புறங்கையில் மூன்று கொட்டு. இரண்டு கூட்டத்தையும் மிச்சமிருந்த புதுப்பெட்டிகளில், புதுச்சட்டங்களில் குடிவைத்தேன். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். வேர்வையில் நனைந்து, தப்பித்துவிட்டன என்று ஒரு மூச்சு விட்டேன்.

கை கழுவ உள்ளே போனேன். பாகு காய்ச்சிய பாத்திரத்தை அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலியான தேன் பாட்டில்.

“இதுல இருந்த தேன் எங்கடி?”

“பாகுல கலந்துட்டேன். அத்தான்தான் சொன்னார்.”

அக்கா குழாயை நிறுத்தினாள். “ரெண்டு கூட்டத்துக்குமா? அது அந்தச் செத்த கூட்டுத் தேன்டி.”

ஜன்னல் வழியே பார்த்தேன். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். நான் கொட்டு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக உதறி உதறிக் காப்பாற்றிக்கொண்டிருந்த அத்தனை நேரமும், எல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது என்று தெரிந்தே நின்றிருக்கிறார்.

மாலையில் குழி வெட்டினேன். வெளியே போன தேனீக்களெல்லாம் திரும்பி அடையும் வரை காத்திருந்து, வாசல்களை அடைத்து, இரண்டு பெட்டிகளையும் குழிக்குள் இறக்கினேன். மேலே, முதலில் கொட்டிய பெட்டியும் அந்தப் பழைய அடைகளும். உள்ளே ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. புதுவீட்டில் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தன.

பெட்ரோலை ஊற்றிவிட்டுத் தீப்பெட்டியை அத்தானிடம் நீட்டினேன். “நீங்களே பத்த வைங்க.”

இரண்டடி பின்வாங்கினார். “என்னால முடியாதும்மா. பூச்சிங்கன்னா எனக்கு உயிர். மனசு கேட்காது.” கொஞ்சம் தயங்கி, “சங்கத்துல மட்டும் சொல்லிடாதே” என்றார்.

நான்தான் பற்ற வைத்தேன். அவர் கையிலிருந்த கையுறைகளைப் பிடுங்கி அதையும் தீயில் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்னம்மா இவ்ளோ புகை?” என்றார்.

“வாங்க, சொல்றேன்” என்றேன்.