மாஸ்க்கைக் கழற்றிய மாலை

ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் கைக்குழந்தை செமிசியின் தொண்டைக் குழாயை மூன்றாம் முறையாக எடுத்தார்கள். முதல் இரண்டு முறையும் எடுத்த வேகத்தில் மூச்சுத் திணறி, மறுபடி குழாய்க்கே போனவன். ஆபரேஷனில் இதயத்தில் போட்ட தையல் நன்றாகத்தான் ஆறியிருந்தது. இதயத்துக்குத்தான் தெம்பில்லை.

இந்த முறை மூக்கின்மேல் சின்னதாக ஒரு மாஸ்க் வைத்தார்கள். அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். மூச்சை இழுப்பது மட்டும் பிள்ளையின் பாடு.

குழாய் வெளியே வந்ததும் செமிசி கரகரவென்று அழுதான். அவன் அம்மா லோசலினி திடுக்கிட்டுப் போனாள். குழாய் இருந்தவரை அவன் அழுதால் வாய் மட்டுமே கோணும், சத்தம் வராது.

"பாரேன், சர்ச்சுல பாடப் போறான் உன் மவன்," என்றாள் நர்ஸ் ஹெய்லாலா. அவளும் லோசலினியைப் போல டோங்காத் தீவுக்காரிதான்.

"அவங்கப்பன் மாதிரி பாடினா சர்ச்சே காலியாயிடும்க்கா."

லோசலினி உடனே ஊருக்கு, டோங்காவின் வவாவு தீவுக்குப் போன் போட்டாள். புருஷன் தனியேலா வெனிலாத் தோட்டத்தில் நின்றபடியே கேட்டான்.  "இன்னொரு தடவ அழச் சொல்லு," என்றான்.

ஆனால் பிள்ளை அதற்குள் களைத்துவிட்டான். மத்தியானம் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. காற்றைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள். அதற்குமேல் கூட்ட இடமில்லை.

டாக்டரம்மா தரையில் மண்டியிட்டு, லோசலினியின் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஹெய்லாலா அதை டோங்கா மொழியில் சொன்னாள். "மறுபடி குழாய் போடலாமாம். ஆனா இனிமே அத எடுக்க முடியும்னு அவங்களுக்குத் தோணல. வேண்டாம்னா, வலி தெரியாம பாத்துக்குவாங்க. உன் மடியிலயே இருப்பான்."

விஷயத்தைக் கேட்டதும் போனில் தனியேலா சொன்னான்: "நீதான பக்கத்துல இருக்க. உனக்குத்தான் தெரியும், லோசா."

"எனக்கு ஒண்ணும் தெரியாது!" அவள் கத்திவிட்டாள். "நீயும் வாயத் திறந்து சொல்லு. நான் மட்டும் சொல்லிட்டு, ஆயுசுக்கும் அத நான் ஒருத்தியே சுமக்கணுமா?"

 "குழாய் வேண்டாம்," என்றான் தனியேலா. "ரெண்டு பேரும் சேந்துதான் சொல்றோம்."

வலிக்கு மருந்து கொடுத்துப் பிள்ளையை மடியில் வைத்தார்கள். சாயங்காலம் மூச்சு இன்னும் மெலிந்தது.

"அக்கா, இத எடுத்துடுங்க. இவன் முகத்த நான் இன்னும் முழுசா பாத்ததே இல்ல."

டாக்டரம்மா தலையசைத்தார். ஹெய்லாலா மாஸ்க்கைக் கழற்றி, பிளாஸ்திரியை எண்ணெய் தொட்டு மெல்ல உரித்தாள். மூக்கின்மேல் சிவப்பாய்த் தடம் பதிந்திருந்தது. லோசலினி அதைக் கட்டைவிரலால் நீவிக் கொடுத்தாள்.

"உன் மூக்குதான்," என்று போனில் தனியேலாவிடம் சொன்னாள். "அப்படியே உன் மூக்கு."

இருட்டுவதற்கு முன் செமிசியின் மூச்சு அடங்கியது. டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன வெச்சிடாத, லோசா," என்றான் தனியேலா.

அவள் வைக்கவில்லை.