இரண்டு வட்டங்கள்

அளவெடுக்க வந்த பெண்ணை முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு மெஷினின் உயரம், தள்ளுவண்டியின் ஆழம், ஆளின் இடுப்பு உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு ஜாக்கெட் தைத்துத் தரப் போகிறாள், கழுத்து இறக்கம் மட்டும் சொல்லிவிடுங்கள் என்று ஒருத்தி கிளப்பிவிட, துவைப்புப் பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேரும் மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள்.

அந்தச் சலவைக் கூடத்துக்கு மருத்துவமனைகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். இஸ்திரிப் பக்கம் ஆண்கள், துவைப்புப் பக்கம் பெண்கள். துவைத்த ஈர விரிப்புகள் மெஷினிலிருந்து ஆழமான தள்ளுவண்டிக்குள் விழும். அவற்றை உருவி, உதறி, உலர்த்தும் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். வண்டி பாதி காலியாகிறவரை கவலையில்லை. அதற்குப் பிறகுதான் பாடு. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு அடியில் கிடக்கிற ஈரத்துணியைத் தலைகீழாகக் குனிந்து பிடுங்க வேண்டும்.

சின்னவள் குள்ளம். வண்டியின் விளிம்பு அவள் நெஞ்சுக்கு வரும். அடித்துணிக்கு எட்டினால் கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிடும்.

"கிணத்துக்குள்ள என்னடி தேடுற, மூக்குத்தியா?" என்று பக்கத்து மெஷின்காரி கேட்பாள்.

"எம்புருஷனுக்கு ஒரு வேலை கிடக்குதான்னு பாக்குறேன்" என்று உள்ளேயிருந்தே பதில் வரும்.

பெரியவளுக்கு மட்டும் சிரிப்பு வராது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இவர்கள் இருவரும். வீட்டில் வழங்கிய பெரியவள், சின்னவள் என்ற பேர்களே வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டன. தம்பிக்காரனுக்கு வேலை போய் எட்டு மாதம். அவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தான். பெரியவள்தான் சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்துச் சின்னவளை இங்கே சேர்த்துவிட்டிருந்தாள். அந்த வேலைக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தாள்.

உடம்பு நோகாமல் வேலை செய்ய என்னென்ன மாற்ற வேண்டும் என்று யோசனை சொல்லத்தான் கம்பெனி அந்தப் பெண்ணை வரவழைத்திருந்தது. அளவெடுத்து முடித்ததும் அவள் ஆளுக்கொரு தாளும், நுனியில் ரப்பர் வைத்த பென்சிலும் கொடுத்தாள். தாளில் முகமில்லாத ஒரு மனித உருவம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. எங்கே வலிக்கிறதோ அங்கே வட்டம் போட வேண்டும், பேர் எழுத வேண்டாம், நாளைக்குத் தந்தால் போதும் என்றாள். எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் தாள்களை வாங்கித் தரும் பொறுப்பைப் பெரியவளிடம் விட்டாள்.

பெரியவளுக்குப் பழைய விஷயம் ஒன்று கண்முன் வந்தது. போன வருஷம் ஒருத்தி தோள்பட்டை தூக்க முடியவில்லை என்று சூப்பர்வைசரிடம் வாய்விட்டுச் சொன்னாள். அவரும் அன்பாகத்தான் கேட்டுக்கொண்டார். துண்டுகளை எண்ணி அடுக்கும் லேசான வேலைக்கு மாற்றினார். ஒரு மாதம் கழித்து, வருகை அட்டை செருகுகிற பலகையில் அவள் இடம் காலியாக இருந்தது.

டீ நேரத்தில் பெரியவள் எல்லோரையும் கூட்டி அதை ஞாபகப்படுத்தினாள். பேர் இல்லாவிட்டால் என்ன, பதினாலு பேரில் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள்.

மறுநாள் பதின்மூன்று தாள்கள் வெள்ளையாக வந்தன. பதினான்காவதில், பின்பக்க உருவத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்று இடுப்பில், ஒன்று இடது தொடையில். பென்சில் நுனி உடைகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தது. யார் போட்டது என்று பெரியவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராத்திரியில் புரண்டு படுக்கும்போது சின்னவள் முனகுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பென்சிலின் ரப்பராலேயே இரண்டையும் அழித்தாள். துகளை ஊதிவிட்டாள்.

அளவெடுக்கும் பெண் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நெஜமாவே யாருக்கும் எங்கயும் வலிக்கலையா?"

"இல்லம்மா. எங்களுக்கெல்லாம் பழகிடுச்சு" என்றாள் பெரியவள்.

இஸ்திரிப் பக்கத்து ஆண்களோ விளையாட்டுப்போல எல்லா இடத்திலும் வட்டம் போட்டிருந்தார்கள். மேனேஜரைப் பார்த்தால் வருகிறது என்று தலையில் போட்டவன்கூட உண்டு. யாருக்கும் வேலை போகவில்லை. மூன்று மாதத்தில் அவர்களுக்கு உயரம் மாற்றக்கூடிய மேஜைகள் வந்தன. நின்று வேலை செய்ய மெத்தென்ற விரிப்பு வந்தது. ஸ்பிரிங் வண்டிகள் வந்தன. துணியை எடுக்க எடுக்க அந்த வண்டியின் அடித்தட்டு தானாக மேலே ஏறும். கடைசித் துணிகூட இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும்.

துவைப்புப் பக்கத்துக்கு எதுவும் வரவில்லை. பெண்கள் வாசலில் நின்று அந்த வண்டியை வேடிக்கை பார்த்தார்கள். சின்னவள் அடித்தட்டைக் கையால் அமுக்கிவிட்டுப் பார்த்தாள். அது மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள்.

"நமக்கும் வரும்ல அக்கா?" என்று கேட்டாள்.

வரும் என்றாள் பெரியவள், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வாரம் ஒரு காலை வேளை. சின்னவள் வண்டிக்குள் எட்டியிருந்தாள். கால்கள் வழக்கம்போல அந்தரத்தில். பக்கத்து மெஷின்காரி வழக்கம்போல மூக்குத்தி கிடைத்ததா என்றாள். பதில் இல்லை. புது நாடகம் போலிருக்கிறது என்று இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவளும் அன்றைக்கென்று பார்த்துச் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் ஒரு செருப்பு நழுவித் தரையில் விழுந்ததும், இன்னொரு கால் நடுங்குவதும் கண்ணில் பட்டன. நான்கு பேர் பிடித்துத் தூக்கி எடுத்தார்கள். சின்னவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கையில் பிடித்த ஈர விரிப்பை மட்டும் விடவில்லை.

முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் இருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது பாதம் முழுதாக விழித்துக்கொள்ளவில்லை. குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, குழந்தையையும்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? முதல் நாள் அம்மாவின் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கியது. அம்மா தூக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதது. பத்து நாளில் அழுகை நின்று, கையை உயர்த்திக்கொண்டு நேராகப் பெரியம்மாவிடம் ஓட ஆரம்பித்தது.

"நான் போட்டேனே அக்கா, ரெண்டு வட்டம். அந்தப் பொண்ணு கண்ணுல படாமலே போயிடுச்சோ?" என்று ஒருநாள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள் சின்னவள்.

பெரியவள் குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட பித்தானையே திரும்பவும் கழற்றிப் போட்டாள்.

அந்தப் பெண் மறுபடியும் வந்தாள், அதே டேப்போடு. இந்தத் தடவை யாரும் ஜாக்கெட் பற்றிப் பேசவில்லை. பெரியவள் அவளைத் தனியாக அழைத்துப் போய், சின்னவளுக்கு நடந்ததையும் வட்டங்களைத் தான் அழித்ததையும் சொன்னாள். அந்தப் பெண் பையிலிருந்த கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பென்சில் தடம் இல்லை. ஆனால் அழுத்திப் போட்ட இரண்டு வட்டங்களும் பள்ளமாகத் தெரிந்தன.

"அன்னைக்கே பாத்தேங்க. போட்டவங்களே பயந்துபோய் அழிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். வண்டி ரொம்ப ஆழம்னு மேனேஜர்கிட்ட எவ்வளவோ சொன்னேன். யாரு வலிக்குதுன்னு சொன்னாங்க, காட்டுன்னு பதினாலு தாளையும் மேஜைல விரிச்சுட்டாரு. ஒண்ணே ஒண்ணுல ஒரு வட்டம் இருந்திருந்தாக்கூடப் போதும், மேல பேசியிருப்பேன்."

பெரியவள் புதுத் தாளை வாங்கி அங்கேயே வட்டம் போட்டாள். கழுத்து, தோள், இடுப்பு, இரண்டு முட்டி. எட்டு வருஷத்து வலி. கீழே தன் பேரையும் எழுதினாள். மற்ற பெண்களும் எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சின்னவள் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். உன் வேலை போய்விடும் என்று பயந்துதான் செய்தேன் என்று சொல்ல வந்தாள். அந்த வேலையே இப்போது இல்லை என்பது நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டையுமா அழிச்சீங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"ம்."

"ஒண்ணையாவது விட்டிருக்கலாம்ல அக்கா."

கத்தியிருந்தால் பெரியவளுக்குத் தாங்கியிருக்கும்.

இரண்டு மாதத்தில் துவைப்புப் பக்கத்துக்கும் ஸ்பிரிங் வண்டிகள் வந்தன. முதல் நாள், முதல் வண்டி. பெரியவள் துணியை எடுக்க எடுக்க அடித்தட்டு ஏறிக்கொண்டே வந்தது. கடைசி விரிப்பு கை நீட்டிய இடத்தில் இருந்தது. குனியத் தயாராக வளைந்த முதுகை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனை விடாமல் நச்சரித்து, பழைய பெட்டிப் பலகைகளில் மூன்று படி வைத்து ஒரு சின்ன மேடை அடிக்க வைத்தாள். விளிம்புகளைத் தானே தேய்த்து வழவழப்பாக்கினாள். சின்னவள் உட்காரும் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள். குழந்தை ஏறி வந்தால் அம்மாவின் மடிக்கு நேராக வரும். குனிய வேண்டாம், தூக்க வேண்டாம்.

குழந்தைக்குப் படிகள் பிடித்துப்போயின. ஒன்று, இரண்டு, மூன்று என்று தவழ்ந்து ஏறி உச்சியில் நின்றது. சின்னவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

குழந்தை அவளைப் பார்த்தது. பிறகு திரும்பி, கைகளை உயர்த்திக்கொண்டு பெரியவளை நோக்கி நின்றது.

பெரியவள் அசையவில்லை. அம்மாகிட்ட போடா, அம்மாகிட்ட என்று கெஞ்சினாள். குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

சின்னவள் நீட்டிய கைகளை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டாள்.

"தூக்கிக்கோங்க அக்கா. அவனுக்குப் பழகிடுச்சு" என்றாள்.