சரி என்றார் பொறுப்பாளர்

எனக்குப் போன் என்றால் பயம். பல்லி, பாம்பு, இருட்டு, மாமியார் எதற்கும் அசைகிற ஆள் இல்லை நான். ஆனால் முகம் தெரியாத ஒருவர் மறுமுனையில் "ஹலோ" என்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஒரு சொல் வராது.

அதனால் நான் எழுதுகிறவள் ஆனேன். கதை, கவிதை என்று நினைத்துவிடாதீர்கள். குறுஞ்செய்தி. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு அலுவலக வேலை. நாற்பத்து மூன்று கட்டடங்கள் எங்கள் பொறுப்பில் இருந்தன. இன்று எந்த மெக்கானிக் வருவார், எத்தனை மணி வரை லிஃப்ட் ஓடாது என்று ஒவ்வொரு கட்டடத்தின் பொறுப்பாளருக்கும் நான் செய்தி அனுப்புவேன். நான்கு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு ஐந்தாவது சொல்லைச் செலவழிக்கமாட்டேன். அதனால் என் பெயரே தந்தி ஆகிவிட்டது. அந்தப் பெயரை வைத்த மெக்கானிக்கைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். அவர் கேட்டதற்குப் பதிலைக்கூடச் செய்தியில்தான் அனுப்பினேன். "சரி. வீட்டில் பேசுங்கள்." மூன்றே சொல்.

எங்கள் மேனேஜருக்கு இது பொறுக்கவில்லை.

"போன் அடிச்சா எடுக்க ஆள் இல்லாத கம்பெனிக்கு எவன்மா லிஃப்ட்டைக் கொடுப்பான்?" என்று ஒரு நாள் கத்திவிட்டு, கல்லூரியில் சனிக்கிழமைகளில் நடக்கும் வணிகத் தொடர்புப் படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். முப்பத்தாறு வயதில், முழங்கால் இடிக்கிற பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பாடம் நடத்துகிறவரை நாங்கள் பொருள் சார் என்போம். கடிதம் எழுதி நீட்டினால் முதலில் "பொருள் எங்க?" என்பார். "பொருள்னு போட்டிருக்கேனே சார்" என்றால், "போட்டிருக்கீங்க. அதுல பொருள் எங்க?" என்பார். கோபக்காரர் இல்லை. ஆனால் விதி என்றால் விதிதான். வகுப்புக்குள் நுழையும்போதே எல்லாருடைய செல்போனும் மேசை மேல் இருக்கிற பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். முடிகிறவரை டப்பாவில் கை வைத்தால் அன்றைய மதிப்பெண் சைபர்.

அந்தச் சனிக்கிழமை போன் பேசும் தேர்வு. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, இணைப்பே இல்லாத இரண்டு பழைய போன்களை வைத்திருப்பார். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் கம்பெனி. ஒரு சீட்டில் விஷயம் எழுதியிருக்கும். முதலில் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகு கம்பெனி, பிறகு விஷயம். "யாரு?" என்று கேட்டதற்கு "நான்தான்" என்று பதில் சொன்னால் இரண்டு மதிப்பெண் போச்சு. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிற ஏழு மாடிக் கட்டடம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வேலை, பதினொரு மணிக்குச் சுவிட்சைப் போட்டுவிடலாம் என்று முந்தின நாளே அந்தப் பொறுப்பாளருக்கு எழுதியிருந்தேன். ஷூவை மாட்டிக்கொண்டே இவர் சொன்னார்:

"குழியில இருக்கற பட்டனும் போச்சாம். அதையும் மாத்தணும், மதியம் ஒரு மணி ஆயிடும். பதினோரு மணிக்குச் சுவிட்சைப் போட வேண்டாம்னு அந்த ஆளுக்குச் சொல்லிடு. போன் பண்ணியே சொல்லிடேன்."

"அனுப்பிடறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

குழி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் ஓடுகிற சுவர்க்கூட்டுக்கு அடியில், தரைக்கும் கீழே, மார்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கும். மெக்கானிக் அதற்குள் இறங்கி உட்கார்ந்து வேலை செய்வார். லிஃப்ட் பெட்டி அவர் தலைக்கு மேலே நிற்கும். உச்சி மாடி அறையில் இருக்கிற பெரிய சுவிட்சை யாராவது போட்டு, கீழ்த்தளத்தில் யாராவது பட்டனை அழுத்தினால் பெட்டி இறங்கிவிடும். இறங்காமல் தடுக்கத்தான் குழிக்குள் ஒரு நிறுத்தும் பட்டன் இருக்கிறது. அதைத்தான் இவர் கழற்றி மாற்றப் போயிருந்தார். பெரிய சுவிட்சில் மாட்டுகிற பூட்டு உடைந்து ஒரு மாதமாகிறது. "அடுத்த வாரம் வாங்கிடலாம்" என்று மேனேஜர் நான்கு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, என் வீட்டுக்காரர் தலைக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் என் குறுஞ்செய்தி ஒன்றுதான் இருந்தது.

அதை நான் பஸ்ஸில் நின்றுகொண்டு அனுப்பினேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், மண்டை முழுக்கத் தேர்வு. "11 மணிக்குச் சுவிட்சைப் போட வே" என்பது வரை அடித்ததும் மிச்சத்தைப் போனே எடுத்துக் கொடுத்தது. தட்டினேன், அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில் வந்தது. "சரி." போனைப் பையில் போட்டுக்கொண்டு, பெயர், கம்பெனி, விஷயம் என்று முணுமுணுத்தபடி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பத்தரை மணிக்குத் தேர்வு என்றார்கள். அதற்கு முன் பத்து நிமிடம் பேசிவிடுகிறேன் என்று சார் கரும்பலகைக்குத் திரும்பினார். வேண்டும் என்று எழுதினார். பக்கத்திலேயே வேண்டாம் என்று எழுதினார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரு எழுத்து சார்" என்றார் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர்.

"இல்ல. ஒரு லாரி சிமெண்ட்" என்றார் சார். இறக்க வேண்டாம் என்று எழுத நினைத்து, இறக்க வேண்டும் என்று எழுதி அனுப்பிய கிடங்கு எழுத்தரின் கதையைச் சொன்னார். கொட்டுகிற மழையில் மூட்டைகளை இறக்கி அடுக்கிவிட்டு, "சொன்னபடி செஞ்சாச்சு" என்று பதில் அனுப்பினார்களாம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

என் போனில் அந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். வேண்டும் இடது பக்கம், வேண்டாம் வலது பக்கம். நான் தட்டியபோது பஸ் திரும்பியது, என் தோள் பக்கத்தில் இருந்தவர் மேல் இடித்தது. அதற்கப்புறம் திரையைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. என் கட்டைவிரல் எதைத் தட்டியது?

"இன்னொண்ணு" என்றார் சார். "எதிர்ல இருக்கறவர் சரின்னு சொன்னா நம்பிடாதீங்க. எதுக்குச் சரி? என்னன்னு புரிஞ்சுக்கிட்டுச் சரி? திருப்பிச் சொல்லச் சொல்லுங்க."

சுவரில் மணி பத்து நாற்பத்தொன்று. கையைத் தூக்கினேன். "கேள்வியெல்லாம் கடைசியில" என்றார் சார். கை தானாக இறங்கிவிட்டது.

இதற்கு மேல் நான் செய்ததை இவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆறு நிமிடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சரியாகத்தான் அனுப்பியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பாவைத் திறந்து பார்த்து, அதில் வேண்டாம் என்றே இருந்தால்? முப்பது பேர் சிரிப்பார்கள், சைபர் விழும், மேனேஜர் குதிப்பார். புருஷன் உயிரை ஒரு தட்டிலும் முப்பது பேர் சிரிப்பை ஒரு தட்டிலும் வைத்து ஆறு நிமிடம் நிறுத்துப் பார்த்தேன். பயம் மனுஷியை இப்படியும் ஆக்கும்.

"அடுத்து, தந்தி. வாங்க." அந்தப் பெயர் வகுப்புக்கும் வந்துவிட்டிருந்தது.

கால்கள் என்னைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தன. முதுகுக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர். சார் சீட்டைக் கொடுத்தார். ஏதோ மேசை நாற்காலி வந்துசேரவில்லை என்று இருந்தது. போனைக் காதில் வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தைக் கேட்டதும் எனக்குக் குழிதான் ஞாபகம் வந்தது.

"ஐயா, சுவிட்சைப் போடாதீங்க" என்றேன்.

"எந்தச் சுவிட்சுங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர், சளைக்காமல்.

"லிஃப்ட் சுவிட்ச். பதினோரு மணிக்குப் போட்டுடாதீங்க. என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார்."

"சீட்டுல அது இல்லையே" என்றார் சார். "பரவாயில்ல, குரல்ல நல்ல அவசரம் இருக்கு. ஆனா பெயரை முதல்ல சொல்லணும்."

"சார், இது தேர்வு இல்ல!"

"தேர்வு இல்லன்னா என்னம்மா, உங்க புகாரை உடனே கவனிக்கிறோம்" என்றார் பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர். யாரோ கைதட்டினார்கள். நான் பிரமாதமாக நடிக்கிறேன் என்று முப்பது பேரும் நம்பிவிட்டார்கள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக வாய்விட்டுப் பேசுகிறேன், அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார் சார்.

செத்த போனைக் கீழே போட்டேன். மேசைக்குப் போய் டப்பாவை இழுத்தேன். மூடி வரவில்லை. நகம் பெயர்ந்தது. "டப்பாவில கை வைக்கக் கூடாது" என்று சார் ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே ஒரு பக்கத்தைப் பிடித்து நெம்பினார். மூடி தெறித்தது. உள்ளே முப்பது போன், எல்லாம் கறுப்பு. என்னுடையதை எடுத்துத் திறந்தேன்.

"11 மணிக்குச் சுவிட்சைப் போட வேண்டும்."

கீழே பொறுப்பாளருடைய பதில். "சரி."

மணி பத்து ஐம்பத்தொன்று. எழுதத்தான் முதலில் விரல் போனது. பழக்கதோஷம். எழுதினால் அவர் எப்போது பார்ப்பாரோ? குழிக்குள் இறங்கும்போது இவர் தன் போனை மேலே பையிலேயே விட்டுவிடுவார், பொறுப்பாளரைத்தான் பிடிக்க வேண்டும். அழைப்பு பட்டனைத் தட்டினேன். அடித்தது, அடித்தது, நின்றுபோனது. அந்தப் பொறுப்பாளர் நேரம் தவறாத ஆள். ஒரு நாளும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. அவரை நான் எவ்வளவோ மெச்சியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவர் சோம்பேறியாக இருக்கக் கூடாதா என்று அழுகையாக வந்தது.

மறுபடி தட்டினேன். ஐந்தாவது முறை மணி அடித்ததும் எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஹலோ, யாரு?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கம்போல. "சொல்லுங்க" என்று என் பின்னால் சார் மெதுவாகச் சொன்னார்.

"லிஃப்ட் கம்பெனியில இருந்து பேசறேன். சுவிட்சைப் போட வேண்டாம்!"

"ஆமா, போடத்தான் வந்திருக்கேன். ஏழு மாடி ஏறி வந்து அறையைத் திறந்துட்டேன். டாக்டர் கீழ நின்னுட்டு லிஃப்ட் பட்டனை அமுக்கிட்டே இருக்கார். இப்பவே போட்டுடவா?"

அந்தப் பாழாய்ப்போன சொல் வாயால் சொன்னாலும் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அப்போதுதான் ஐந்தாவது சொல்லைச் செலவழித்தேன். ஆறாவதையும், அறுபதாவதையும்.

"ஐயா, குழிக்குள்ள ஆள் இருக்கார்! மெக்கானிக் இன்னும் உள்ளதான் இருக்கார். வேலை முடியல. நான் தப்பா எழுதிட்டேன், தப்பு என்னுது. சுவிட்ச் பக்கமே போகாதீங்க!"

"ஐயோ. சரிம்மா, சரி சரி."

"சரின்னு சொல்லாதீங்க!" நான் போட்ட கத்தலில் பக்கத்து வகுப்பு அமைதியானது. "நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க!"

அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. "குழியில ஆள் இருக்கு. சுவிட்சைப் போடக் கூடாது."

"யார் வந்து சொன்னா போடுவீங்க?"

"அவரே மேல வந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாத்தான்."

"அறையைப் பூட்டுங்க. சாவியை எடுத்துட்டுக் கீழ போங்க. போனைக் கொண்டுபோய் அவர் கையில கொடுங்க. நான் வைக்கமாட்டேன்."

பூட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம். ஒவ்வொரு மாடியாக நானும் கூடவே இறங்கினேன். ஒரு மாடியில் நோயாளி யாரோ இருமினார்கள். சுவிட்சைப் போடவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பயம் விடவில்லை. என் வீட்டுக்காரர் குரலைக் கேட்கிறவரை எதையும் நம்புவதாக இல்லை நான். மருந்துக்கடைக்காரர் இணைப்பில்லாத போனை இன்னும் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

செருப்புச் சத்தம் நின்றது. யாரோ குனிந்து கூப்பிடுவது கேட்டது. இரும்பு எதிலோ மோதியது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"ஹலோ, யாருங்க பேசறது?"

ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவர் என் குரலைப் போனில் கேட்டதே இல்லை. பெயர், கம்பெனி, விஷயம் மூன்றும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்றும் வரவில்லை.

"நான்தான்" என்றேன்.

"நீயா? போன்லயா? ஏன் அழறே, என்ன ஆச்சு?"

"மேல வாங்க. மொதல்ல குழியை விட்டு மேல வாங்க."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க. திருப்பிச் சொல்லுங்க."

"மேல வர்றேன்" என்றார்.